எலும்பு வளர உதவும் புரதம்: அறுவை சிகிச்சைக்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்

முறிந்த எலும்பு பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். ஆனால், முதுகெலும்பின் இரு பகுதிகளை ஒன்றாக இணைக்க வேண்டியிருந்தால் உடலுக்கு உதவி தேவை. வழக்கமாக, உங்கள் இடுப்பெலும்பிலிருந்து சிறிதளவு எலும்பை எடுத்து அங்கு வைப்பார்கள். சிலருக்கு, அதற்குப் பதிலாக 'வளர்ச்சிக் காரணி' பயன்படுத்தப்படலாம்.

வளர்ச்சிக் காரணி என்றால் என்ன?

எலும்பை உருவாக்கும்படி உயிரணுக்களைத் தூண்டும் புரதம் இது. நம் எலும்பில் இயற்கையாகவே உள்ளது. இதன் செயலை அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் 1965ல் விளக்கினார். ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்படும் 'பிஎம்பி-2' வகையைக் கீழ்முதுகு அறுவை சிகிச்சையில் பயன்படுத்த, அமெரிக்கா 2002ல் அனுமதி அளித்தது.

அது ஏன் மெதுவாக வெளிவர வேண்டும்?

எலும்பு வளரப் பல மாதங்கள் ஆகலாம். புரதத்தை மட்டும் செலுத்தினால் அது விரைவில் அந்த இடத்தை விட்டு நீங்கிவிடும். அதனால், கொலாஜன் எனும் பொருளால் ஆன பஞ்சை அதில் நனைத்து, எலும்பு வளர வேண்டிய இடத்தில் வைப்பார்கள். புரதம் பஞ்சிலிருந்து சிறிது சிறிதாக வெளிவரும். பஞ்சும் பிறகு கரைந்துவிடும்.

புரதம் ஒரேயடியாக அதிகம் வெளிவந்தால் வீக்கம் ஏற்படலாம். வேண்டாத இடத்திலும் எலும்பு வளரலாம். கழுத்துப் பகுதியில் பயன்படுத்தியபோது சிலருக்கு உயிருக்கு ஆபத்தான வீக்கம் ஏற்பட்டதாக அமெரிக்க அதிகாரிகள் 2008ல் எச்சரித்தனர். புரதத்தை இன்னும் சீராக வெளியிடும் பொருள்களை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகின்றனர்.

மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்

• உங்களுக்குப் புற்றுநோய் இருந்தால், அல்லது முன்பு இருந்திருந்தால்
• அறுவை சிகிச்சை செய்யும் இடத்தில் கிருமித்தொற்று இருந்தால்
• உங்களுக்கு ஏதேனும் ஒவ்வாமை இருந்தால்
• நீங்கள் புகைபிடித்தால். புகைபிடிப்பது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்
• நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்துகள் உட்பட

கேட்கத் தயங்காதீர்கள்

• எனக்கு இந்தப் புரதம் ஏன் தேவை? என் சொந்த எலும்பைப் பயன்படுத்த முடியுமா?
• பஞ்சு எதனால் ஆனது? (பிஎம்பி-2 உடன் பயன்படுத்தப்படும் கொலாஜன் மாட்டிலிருந்து பெறப்படுகிறது. சமயக் காரணங்களுக்காக அது வேண்டாமென்றால் முன்பே தெரிவியுங்கள்.)

வீடு திரும்பிய பிறகு

காய்ச்சல், அதிகரிக்கும் வீக்கம், கால்களில் புதிதாக மரத்துப்போதல் ஆகியவை ஏற்பட்டால் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமமாக இருந்தால் 995ஐ அழையுங்கள்.

மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது குடும்பத்தார் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எல்லாம் புரிந்த பிறகே ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுங்கள்.