காரத்தன்மைக்கு ஒரு கட்டம் போடு, தம்பி



ஆக்ரா ஓயாத் தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைத்த உன் அறிக்கை கிடைத்தது. படிகாரம் ஏன் சேற்றைத் திரட்டுகிறது என்பதெல்லாம் நமக்குள் வேண்டாம். எனக்கு எரிச்சல் மூட்டியது ஒரு வரி: ‘சராசரித் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராம்.’ இந்த ஆற்றுக்கு ஏதப்பா சராசரி? காலையில் அடிக்கல் தெரியும். பின்னேரம் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் மழை கொட்டினால் பால்தேத்தண்ணி நிறத்தில் இறங்கும். இரண்டையும் கூட்டி வகுத்த தண்ணீரை யார் வீட்டுக் குடத்தில் பிடிப்பாய்?

அதைக்கூட விடலாம். அட்டவணையில் காரத்தன்மைக்கு ஒரு கட்டம்கூட இல்லையே! இதைச் சொல்லிச் சொல்லியே வேலைத்தலத்தில் ‘சுண்ணாம்பு மாஸ்டர்’ என்று பெயர் வாங்கினவன் நான். பரவாயில்லை, இன்னொரு தரம் சொல்கிறேன். ஒரு மில்லிகிராம் படிகாரம் ஏறக்குறைய அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்னும். பாறைமேல் ஓடிவரும் மலைத் தண்ணீரில் இருப்பதே கொஞ்சம். 15 இருக்கிற தண்ணீரில் உன் 30ஐப் போட்டால் கையிருப்புத் தீர்ந்தது. அதற்குமேல் போட்டால் பீ.எச். சரியும், திரள் பிடிக்காது, அலுமினியம் கரைந்தபடியே மணல் வடிகட்டியைத் தாண்டிப் போகும். சிறிய நிலையங்களிலும் அது லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மழை வந்தால் படிகாரம் கூடக் கேட்கும். அதே மழைதான் காரத்தன்மையையும் குறைத்துவிடும். சராசரி உன்னைக் கைவிடுவது சரியாக அந்த நேரத்தில்தான்.

1988 ஜூலையில் இங்கிலாந்தின் கோர்ன்வோலில் 20 தொன் அலுமினியம் சல்பேற்றைத் தவறான தொட்டியில் கொட்டிவிட்டார்கள். கமல்போர்ட் பக்கத்துச் சனம் அமிலத் தண்ணீர் குடித்தது. அது விபத்து. நாம் அட்டவணை போட்டுக்கொண்டு செய்யலாமா?

என் அப்பாயி பீலியில் சேற்றுத் தண்ணீர் வரும் நாட்களில், சலூன்காரரிடம் வாங்கிய படிகாரக் கட்டியை நூலில் கட்டி, வாளிக்குள் விறுவிறுவென்று சுழற்றுவாள். கட்டியை எடுத்துவிட்டு அகப்பைக் காம்பால் மெல்ல, மெல்ல ஒரே பக்கமாகக் கலக்குவாள். பிறகு யாரும் வாளியைத் தொடக் கூடாது. உன் ஜார் டெஸ்ட்டில் வேகமாக ஒரு நிமிடம், மெதுவாக இருபது நிமிடம் என்று இருப்பதும் அதுதான். கூடிப்போனதை நாக்கில் வைத்தே சொல்வாள். துவர்த்தால் அந்த வாளி துணி அலசத்தான்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். விடியற்குளிரில் எடுத்த நீரில் திரள் அரை மில்லிமீற்றரைத் தாண்டவில்லை, வெயில் ஏறியபின் அதே அளவு மருந்துக்கு இரண்டு மடங்கானது என்று குறித்து, பக்கத்திலேயே தண்ணீரின் சூட்டையும் எழுதியிருக்கிறாய். பெரிய பெரிய பொறியியலாளர்களின் கண்ணிலே படாத விசயம் இது. அந்தப் பக்கத்துக்காகவே உன்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடலாம்.

பொலி அலுமினியம் குளோரைட்டுக்கு மாறினால் தொல்லை தீரும் என்று முடித்திருக்கிறாய். அது காரத்தன்மையைக் குறைவாகத் தின்னும், உண்மைதான். எவ்வளவு குறைவு என்று அளக்காமலே எப்படி எழுதினாய்?

தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் டயகமவுக்கு வா. மழை பிடித்த நேரத்திலிருந்து அரை மணிக்கொரு போத்தல் எடுப்போம். முதலில் காரத்தன்மை, பிறகுதான் கலங்கல். காரத்தன்மையை ஏற்றச் சுண்ணாம்பை நான் கரைத்து வைக்கிறேன்.