கோதுமை சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது ஏன்?

காலைப் பசியாற ரொட்டி சானாய், இடையில் பிஸ்கட், மாலையில் மீ, இரவில் சப்பாத்தி என்று கோதுமை மாவுப் பண்டங்கள் நம் அன்றாட உணவில் பெரும் இடம் பெற்றுவிட்டன. பெரும்பாலோருக்கு இவற்றால் தீங்கில்லை. ஆயினும், சிலருக்கு இவற்றை உண்டபின் வயிறு ஊதுகிறது, வலிக்கிறது, வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது, உடல் சோர்கிறது. “கோதுமை எனக்கு ஆகாது” என்று கூறி அவர்கள் தாமாகவே அதனை விலக்கிவிடுகின்றனர். இது முறையா? ஒன்றுபோல் தோன்றும் இரு வேறு நிலைகள் இதில் உள்ளன. அவற்றைப் பிரித்தறிவது நலம்.

பசையம் என்பது யாது?

கோதுமை மாவைப் பிசைந்தால் அது இழுபடும் தன்மை பெறுகிறது. ரொட்டி சானாய் மாவைத் துணிபோல் வீசி விரிக்க முடிவது இதனால்தான். இத்தன்மையைத் தரும் புரதத்தைப் பசையம் என்கிறோம். மருத்துவர்கள் குளூட்டன் என்பர். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இவ்வகைப் புரதம் உண்டு. அரிசி, சோளம், கேழ்வரகு, மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றில் இல்லை.

சீலியாக் நோய்

நம் சிறுகுடலின் உட்சுவரில் நுண்ணிய விரல்களைப் போன்ற குடலுறிஞ்சிகள் எண்ணற்றவை உள்ளன. உண்ட உணவின் சத்தை உடலில் சேர்ப்பவை இவையே. சீலியாக் நோய் உடையவர் பசையத்தை உண்டால், அவருடைய நோய் எதிர்ப்பாற்றலே தன் குடலைத் தாக்குகிறது. குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. எவ்வளவு உண்டாலும் சத்து உடலிற் சேர்வதில்லை.

வெள்ளை வேர் நோய் கண்ட ரப்பர் மரத்தை நாம் அறிவோம். வேர் கெட்டபின் உரமிட்டு என்ன பயன்? இலை மஞ்சளித்தே தீரும். அவ்வாறே, இந்நோயாளிகளுட் சிலருக்கு இரும்புச்சத்து மாத்திரை உண்டும் இரத்தச் சோகை தீருவதில்லை. குழந்தைகள் எடை கூடாமலும் உயரம் வளராமலும் இருப்பர். நாளடைவில் எலும்பும் வலுவிழக்கும். வயிற்றுத் தொல்லையே இல்லாதவர்க்கும் இந்நோய் இருக்கலாம்.

இதற்குக் காரணம் கோதுமைதான் என்பதை நிலைநாட்டியவர் வில்லெம் டிக்கே என்னும் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில் போரினால் அந்நாட்டில் பஞ்சம் ஏற்பட்டு, ரொட்டி கிடைப்பது அரிதாயிற்று. மற்றவர்கள் பசியால் மெலிந்தபோது, சீலியாக் நோய்க் குழந்தைகளோ தேறினர். ரொட்டி மீண்டும் வந்ததும் நோயும் திரும்பியது. தம் ஆய்வை அவர் 1950-இல் வெளியிட்டார். அதே போர்க்காலத்தில் நம் தோட்டத்து முன்னோர் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் தாங்கியதைக் கேட்டிருக்கிறோம்.

உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் உண்டு. இது வெள்ளையர் நோய் என்று எண்ண வேண்டா. மலேசிய இளைஞர்களின் இரத்தத்தைச் சோதித்து 2015-இல் வெளியான ஆய்விலும், நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவில் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் காணப்பட்டது. இந்நோய்க்கு மரபும் ஒரு காரணம். ஆதலால், ஒருவருக்கு இருப்பின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பசையக் கூருணர்வு

இரண்டாம் நிலையில் உள்ளவர்க்கும் வயிற்று ஊதல், வலி, சோர்வு, தலைவலி ஆகியவை தோன்றும். கோதுமையை விலக்கினால் அவை குறையும். ஆனால், இவர்களுடைய குடல் சிதைவதில்லை; இரத்தத்திலும் சீலியாக் நோய்க்குரிய எதிர்ப்பொருள் இராது. இதனைச் சீலியாக் அல்லாத பசையக் கூருணர்வு என்பர். இவர்களுட் பலருக்குத் தொல்லை தருவது பசையமன்று. கோதுமையில் உள்ள பிரக்டான் என்னும் மாவுப்பொருளே எனச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. வெங்காயத்திலும் பூண்டிலும் இது உண்டு.

கோதுமை ஒவ்வாமை என்பது இவ்விரண்டினும் வேறு. அதில் உண்ட சிறிது நேரத்தில் தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றக்கூடும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிரித்தறிவது எவ்வாறு?

முதலில் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உள்ளதா என்று பார்ப்பர். தேவைப்படின், உள்நோக்குக் குழாய் வழியாகச் சிறுகுடலின் சிறு துணுக்கை எடுத்து ஆராய்வர். கூருணர்வுக்கெனத் தனிச் சோதனை இல்லை. சீலியாக் நோயும் கோதுமை ஒவ்வாமையும் இல்லை என்று தெளிந்த பின்னரே அம்முடிவுக்கு வருவர்.

இங்கே ஒரு முக்கியச் செய்தி. சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறையும். குடலும் ஆறத் தொடங்கும். அப்போது சோதனை, நோய் இருந்தும் இல்லையென்று காட்டிவிடும். பின்னர் அவர் அச்சமின்றி மீண்டும் கோதுமையை உண்டு குடலைக் கெடுத்துக்கொள்வார். முதலில் சோதனை, பிறகே விலக்கல் என்பதே சரியான வரிசை.

உணவில் செய்ய வேண்டியவை

சீலியாக் நோயாளி வாழ்நாள் முழுவதும் பசையத்தை அறவே விலக்க வேண்டும். சிறிதளவும் கூடாது. ரவை, சேமியா, மீ, மால்ட் பானங்கள் ஆகியவை ஆகா. கோதுமை சேர்த்துச் செய்யும் கிச்சாப்பையும், கோதுமை மாவு கலந்த கட்டிப் பெருங்காயத்தையும் மறந்துவிடலாகாது. சப்பாத்தி சுட்ட கல்லிலேயே அவருக்குத் தோசை வார்க்கலாகாது. கூருணர்வு உடையவருக்கோ இத்தனை கண்டிப்புத் தேவையில்லை. தம் உடல் தாங்கும் அளவறிந்து உண்ணலாம்.

விலையுயர்ந்த தனி உணவுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. சோறு, இட்லி, இடியாப்பம், கேழ்வரகுக் கூழ், பருப்பு, மீன், முட்டை, கீரை ஆகிய நம் வீட்டு உணவுகளே போதும்.

இரத்தச் சோகைக்கும் வயிற்று ஊதலுக்கும் வேறு காரணங்கள் பல உண்டு. எனவே, கோதுமை உண்ணும் அனைவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், மருந்துண்டும் தீராத சோகையோ, வளராத பிள்ளையோ நம் வீட்டில் இருப்பின், “உடல்வாகு” என்று இருந்துவிடாமல் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் இது குறித்துக் கேட்போமாக. காலத்தில் கண்டறிந்து பசையத்தை விலக்கினால் சிதைந்த குடல் ஆறும், பிள்ளையும் வளரும்.