கோழிகளின் இயற்கைத் தற்காப்பும் வெள்ளைக் கழிச்சல் வியாதியும்

தருமபுரி ஜில்லாவில் பென்னாகரம், அரூர் முதலிய பகுதிகளில் கோழி வளர்க்கும் குடியானவர்களுக்குப் பெருநஷ்டம் விளைவிக்கக்கூடியது வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கேத் வியாதியாகும். பச்சையும் வெண்மையுமான கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை இதன் குறிகள். வியாதி கடுமையாயின் சில தினங்களில் பட்டி முழுவதும் காலியாகும்.

வைரஸ் என்னும் நுண்கிருமி உட்புகுந்தவுடன், கோழியின் உயிரணுக்கள் அதனை அந்நியமென்று உணர்ந்து இன்டர்பெரான் என்ற புரதத்தை வெளியிடுகின்றன. அது அண்டை உயிரணுக்களை எச்சரித்து, கிருமி பெருகாவண்ணம் தடுக்கின்றது. 1957-ம் வருஷத்தில் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இருவரும் இப்பொருளைக் கண்டது கோழிக்கருவின் சவ்விலேயாம். ஆனால் இவ்வியாதியின் கிருமி 'வி' என்னும் தனது புரதத்தால் இன்டர்பெரானின் வேலையைக் கெடுத்துவிடுகின்றது. மேலும், வைரஸை உணர்வதற்கு வாத்துக்கு உள்ள ரிக்-1 என்னும் உறுப்புப் புரதம் கோழிக்கு இல்லை. ஆகையால் இயற்கைத் தற்காப்பை மாத்திரம் நம்பியிருத்தல் தகாது.

வீரியம் குறைந்த கிருமியை முன்னதாகச் செலுத்தினால், உடல் அதனை எதிர்க்கப் பழகி, பின்வரும் கொடிய கிருமியை விரைவில் அழிக்கும். முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ எப் அல்லது லசோட்டா மருந்துத் துளியும், எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஆர்.2.பி. ஊசியும் இடுவது வழக்கம். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவருதல் வேண்டும். வெப்பம் பட்டால் பயனற்றதாகும். நோயுற்ற கோழிக்கு ஊசியிடலாகாது.

நோய் கண்ட கோழிகளைச் சந்தைக்கு அனுப்புதல் அண்டைக் கிராமங்களுக்கும் கேடு விளைவிப்பதாகும். இறந்தவற்றைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்து, கிராம அதிகாரிகள் வாயிலாகக் கால்நடை மருந்தகத்துக்கு உடனே அறிவித்தல் அவசியம்.