சைக்கிளுக்கும் காப்புறுதி வேண்டுமா?

சைக்கிள் கையளிக்கும் நாட்களில் எமது உத்தியோகத்தர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "இதுக்கு இன்சூரன்ஸ் இருக்குங்களா?" இல்லை. எமது திட்டத்தின் கீழ் உங்களுக்குக் கிடைக்கும் சைக்கிளுடன் காப்புறுதி எதுவும் சேர்ந்து வருவதில்லை. இலங்கைச் சட்டமும் அதைக் கேட்பதில்லை. ஆனால் கேட்பவர்களின் மனதில் இருக்கும் உண்மையான கேள்வி வேறு. "நான் யாரையாவது மோதிவிட்டால் யார் கட்டுவது?" இந்தப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வீதியில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் குறைந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது இருக்க வேண்டும். வாகனத்தின் சொந்தக்காரர் முதலாம் தரப்பு, காப்புறுதிக் கம்பனி இரண்டாம் தரப்பு. இவர்கள் இருவருக்கும் சம்பந்தமில்லாமல் வீதியில் அடிபடுபவர்தான் மூன்றாம் தரப்பு. காப்புறுதிப் பத்திரம் இல்லாமல் வருமான வரிப்பத்திரம் எடுக்க முடியாது என்பதால், முச்சக்கரவண்டி ஓட்டுபவரும் லொறி வைத்திருப்பவரும் வருடந்தோறும் இதைக் கட்டியே ஆகவேண்டும். மிதித்து ஓட்டும் சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. ஆகவே இந்தக் கடமை அதற்கு இல்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிட வேண்டும். "அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு லைசன்ஸ் எடுத்தோமே, அது காப்புறுதிதானே?" என்று வயதானவர்கள் சிலர் கேட்கிறார்கள். அது உள்ளூராட்சி மன்றம் அறவிட்ட வரி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் சபைகள் வாகனங்கள், விலங்குகள் மீது வரி விதிக்கலாம். வர்த்தமானியில் வரும் வரி அட்டவணைகளைப் பார்த்தால், வியாபாரத்துக்குப் பயன்படும் சைக்கிளுக்கு 18 ரூபா, மற்றச் சைக்கிளுக்கு 4 ரூபா என்றிருக்கும். (அதே அட்டவணையில் யானைக்கு 50 ரூபா.) அந்த 4 ரூபா சபையின் வருமானம். அடிபட்ட ஒருவருக்கு அதிலிருந்து ஒரு சதமும் வராது.

சட்டம் காப்புறுதியைக் கேட்கவில்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் தன் கவனக்குறைவால் இன்னொருவருக்குக் காயமோ சேதமோ ஏற்படுத்தினால் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது இங்கு நடைமுறையில் உள்ள ரோமன்-டச்சுச் சட்டத்தின் அடிப்படை. அவர் லொறியில் வந்தாரா, சைக்கிளில் வந்தாரா என்று அது பார்ப்பதில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் மகனுக்குப் பதினேழு வயது. எல்கடுவையிலிருந்து உக்குவளைக்கு இறங்கும் வீதியில் பிரேக் பிடிக்காமல், கொழுந்து எடுத்துவிட்டு ஓரமாக நடந்துவரும் ஒரு அம்மாவை மோதிவிடுகிறான். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிடுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஆனால் அவர் மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாது. கூட இருந்து பார்க்கும் மகளும் வேலையை விடவேண்டும். கிளினிக்குக்குப் போய்வர முச்சக்கரவண்டிக் கூலி, வெளியில் வாங்கச் சொல்லும் மருந்து, பிறகு நடக்கும் பிடி. இதெல்லாம் யாருடைய தலையில்? நியாயப்படி உங்கள் குடும்பத்தின் தலையில். நீங்களோ கூரைத்தகடு வாங்கவே கடன்பட்டிருக்கிறீர்கள். இல்லாதவர் மீது தீர்ப்பு வாங்கினாலும் அந்த அம்மாவின் கைக்கு எதுவும் வராது. இரண்டு வீடுகளும் சேர்ந்து நொந்துபோகும்.

காப்புறுதியைக் கட்டாயமாக்க வேண்டும் என்பவர்களின் வாதம் இங்கேதான் நிற்கிறது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அவர்கள் காப்பாற்ற நினைப்பது சைக்கிளோட்டியை மட்டுமல்ல, அந்த அம்மாவையும்தான்.

வேறு நாடுகள் செய்து பார்த்தது

1980களில் யாழ்ப்பாணத்திலிருந்து சுவிற்சர்லாந்துக்குப் போன எங்கள் ஆட்களுக்கு இந்தக் கதை தெரியும். அங்கே சைக்கிள் வைத்திருந்த ஒவ்வொருவரும் வருடந்தோறும் ஒரு சிறிய ஒட்டுச்சீட்டு வாங்கிச் சைக்கிளில் ஒட்ட வேண்டியிருந்தது. தபாலகத்திலும் கடைகளிலும் சில பிராங்குக்குக் கிடைக்கும். அதுதான் காப்புறுதி. சைக்கிளோட்டி யாரையாவது காயப்படுத்தினால் அதிலிருந்து நட்டஈடு கொடுக்கப்படும். பல பத்தாண்டுகள் நடந்த அந்த முறையை 2012ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்த நாடு கைவிட்டது. அங்கே பெரும்பாலான குடும்பங்களிடம் ஏற்கெனவே பொதுவான பொறுப்புக் காப்புறுதி இருந்தது. சீட்டை அச்சிட்டு, விற்று, சோதிக்கும் வேலை அதன் பயனைவிடப் பெரிதாகத் தெரிந்தது. காப்புறுதி இல்லாத சைக்கிளோட்டியால் அடிபட்டவர்களை மட்டும் ஒரு தேசிய நிதியம் பார்த்துக்கொள்கிறது.

யப்பான் எதிர்த்திசையில் போனது. கோபே நகரில் 2008இல் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் இரவில் சைக்கிளில் வந்து, நடந்து சென்ற அறுபத்திரண்டு வயதுப் பெண்ணை மோதினான். அந்தப் பெண்ணுக்கு நினைவு திரும்பவில்லை. 2013இல் கோபே மாவட்ட நீதிமன்றம், சிறுவனின் தாய் சுமார் 9 கோடியே 50 இலட்சம் யென் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிள்ளையைச் சரியாக வழிநடத்தவில்லை என்பது அந்தத் தாய் மீது காணப்பட்ட குறை. கோபே அமைந்துள்ள ஹியோகோ மாகாணம் 2015இல் சைக்கிள் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. தலைநகரான தோக்கியோ 2020இல் அதைப் பின்பற்றியது. கட்டாயம் என்றாலும், எடுக்காதவருக்குத் தண்டனை வைக்கவில்லை.

இந்த இரண்டிலிருந்தும் எமக்கு எது பொருந்தும்? எமது கருத்து இது: மாத்தளையில் சைக்கிளுக்குக் காப்புறுதியைச் சட்டத்தால் கட்டாயமாக்குவது இன்றைய நிலையில் சரியல்ல. திரும்பி வந்த குடும்பங்கள் பல இன்னும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணிப் பத்திரம் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகின்றன. இன்னொரு பத்திரம் கட்டாயமானால், வீதியில் மறிக்கப்பட்டுத் தண்டம் கட்டப்போவது பஸ் காசை மிச்சம்பிடிக்கச் சைக்கிளில் போகும் கூலித் தொழிலாளிதான். அவர் சைக்கிளை விட்டுவிட்டால் வேலையும் போகும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் தடைப்படும். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தைச் சுற்றி நிற்கும் லொறிகளோடு ஒப்பிட்டால், மரக்கறி மூட்டை கட்டிய சைக்கிள் பிறருக்குச் செய்யக்கூடிய கேடு சிறிது. அதற்கு நேரக்கூடிய கேடோ பெரிது.

ஆனாலும் அந்த அம்மாவின் மூன்று மாதக் கூலிக்கு இது பதிலாகாது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன் இன்னொரு பக்கத்தையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். சைக்கிளில் போகிறவர் மற்றவரை மோதுவதைவிட, வாகனம் வந்து அவரை மோதும் ஆபத்தே அதிகம்.

வாகனம் உங்களை மோதினால்

அப்போது நீங்கள்தான் மூன்றாம் தரப்பு. உங்களிடம் காப்புறுதி இல்லாவிட்டாலும், மோதிய வாகனத்தின் காப்புறுதியிலிருந்து நட்டஈடு பெற உங்களுக்கு வழி இருக்கிறது. இது தெரியாததால்தான் பலர் வீதியிலேயே சில ஆயிரம் ரூபாவை வாங்கிக்கொண்டு கையெழுத்து வைத்துவிடுகிறார்கள். அடிபட்ட அன்று வலி தெரியாது. உள்ளே என்ன முறிந்திருக்கிறது என்பது மறுநாள்தான் தெரியும். ஆகவே வீதியில் வைத்து எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

வாகன இலக்கத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எழுத முடியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரின் தொலைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். காயம் இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள், அது இலவசம். பொலிசுக்கு 119. முறைப்பாடு பதிவு செய்யாமல் நட்டஈட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டாம். பொலிஸ் நிலையத்தில் உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. 1987இன் 13ஆம் திருத்தத்துக்கும் 1988இன் 16ஆம் திருத்தத்துக்கும் பிறகு தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. தமிழ் எழுதும் உத்தியோகத்தர் அன்று இல்லை என்று சொன்னால், எழுதியதைத் தமிழில் வாசித்து விளக்கும்படி பொறுமையாகக் கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்திடுவதைவிட ஒரு மணித்தியாலம் காத்திருப்பது மேல்.

காயத்துக்கான நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடர வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். உங்கள் பக்கமும் தவறு இருந்தால், உதாரணமாக இரவில் விளக்கில்லாமல் வந்திருந்தால், கிடைக்கும் தொகை குறையலாம். மோதிவிட்டு ஓடிய வாகனம் யாருடையது என்று தெரியாவிட்டாலும் வழி முற்றாக அடைபடவில்லை. வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையின் கீழ் அப்படிப்பட்டவர்களுக்கான நட்டஈட்டு ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதற்கும் பொலிஸ் முறைப்பாடு தேவை.

நீங்கள் மோதிவிட்டால்

நில்லுங்கள். பயத்தில் ஓடிப்போனால் சிறு தவறு பெரிய குற்றமாகிவிடும். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உதவுங்கள், பொலிசுக்கு அறிவியுங்கள். காயப்பட்டவரின் குடும்பத்தோடு கதைக்க ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது. இணக்கம் வராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்தச் சபைகள் பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலை போன்ற பொது இடங்களில் கூடும். அங்கே சட்டத்தரணிகள் ஆஜராவதில்லை. இரு தரப்பும் நேராகப் பேச வேண்டும். தவணை முறையில் கொடுப்பதாகவும் உடன்படலாம். அன்றாடங்காய்ச்சிகளுக்கு இது நீதிமன்றத்தைவிட எட்டக்கூடிய இடம். ஆனால் கொடுக்க முடியாத தொகைக்கு வெட்கத்தில் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

1977க்கும் 1983க்கும் பிறகு மாத்தளையை விட்டு வன்னிக்குப் போய், அங்கேயே சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். வன்னி சமதரை. ஒற்றைப் பிரேக்கோடும் அங்கே சமாளித்திருப்பீர்கள். இங்கே அது நடக்காது. இரத்தோட்டையிலிருந்தும் எல்கடுவையிலிருந்தும் இறங்கும் பாதைகளில் மழை நேரத்தில் றிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். இறக்கத்தின் தலைப்பிலேயே இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். சந்தேகம் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அதில் மானக்குறைவு இல்லை. ஏ9 வீதியில் நாவுல, தம்புள்ளைப் பக்கம் இரவில் போகிறவர்கள் முன்னுக்கு வெள்ளை விளக்கும் பின்னுக்குச் சிவப்பு ஒளிதெறிப்பானும் இல்லாமல் ஏறக் கூடாது. தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றும் செலவு, மேலே சொன்ன முச்சக்கரவண்டிக் கூலியில் ஒரு நாள் செலவுகூட வராது.

ஊர்ச் சங்கம் செய்யக்கூடியது

காப்புறுதி முகவர்கள் உங்கள் ஊருக்கு வந்தால் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "நான் மோதியவருக்கு இது பணம் கொடுக்குமா?" அவர்கள் வழக்கமாக விற்கும் விபத்துக் காப்புறுதி, உங்களுக்குக் காயம் வந்தால் உங்களுக்குக் கொடுப்பது. அதுவும் நல்லதுதான். ஆனால் இந்தப் பாடம் பேசும் காப்புறுதி அதுவல்ல.

தோட்டங்களிலும் கிராமங்களிலும் மரண உதவிச் சங்கம் இல்லாத இடம் குறைவு. மாதச் சந்தா, கணக்குப் புத்தகம், செத்த வீட்டுக்குப் பந்தல், கதிரை, கைப்பணம் என்று யாரும் சட்டம் போடாமலே நடக்கிறது. அதே சங்கத்தில் வீதி விபத்துக்கு ஒரு தனிக் கணக்கு வைக்கலாம். நாற்பது வீடுகள் மாதம் 50 ரூபா போட்டால் வருடத்தில் 24,000 ரூபா சேரும். ஓர் இடுப்பெலும்பு முறிவின் முழு நட்டத்துக்கு இது போதாது. ஆனால் அந்த அம்மா வீட்டில் முதல் சில வாரம் அடுப்பெரிய வைக்கும். மோதிய வீட்டாரும் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டியதில்லை.

இதற்குக் "காப்புறுதி" என்று பெயர் வைக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி, பதிவு பெற்ற கம்பனிகள்தான் அந்தத் தொழிலைச் செய்யலாம். "விபத்து உதவி நிதி" என்று எழுதுங்கள். தொடங்குவதற்கு முன் கூட்டத்தில் மூன்று விடயங்களைப் பேசி முடித்து அறிக்கைப் புத்தகத்தில் பதியுங்கள். பணம் அடிபட்டவருக்கா, மோதியவர் வழியாகவா கொடுக்கப்படும்? அடிபட்டவர் சங்க உறுப்பினர் அல்லாத பக்கத்துக் கிராமத்தவர் என்றாலும் கொடுப்பீர்களா? குடித்துவிட்டு ஓட்டியவருக்கும் கைகொடுப்பீர்களா? இரண்டாவது கேள்வியில்தான் கூட்டம் நீளும். அந்தப் பக்கத்துக் கிராமத்தவர் சிங்களவராகவோ முஸ்லிமாகவோ இருக்கலாம் என்பதையும் மறைக்காமல் பேசுங்கள். விபத்து நடந்த பிறகு அதைப் பேச உட்கார்ந்தால் நிதானம் இருக்காது.