தானமா, பறிப்பா?

கசுவோ இசிகுரோ 1954இல் யப்பானின் நாகசாகியில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்தில் குடியேறியவர். 2017இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர். 2005இல் வெளியான அவரது 'நெவர் லெற் மீ கோ' என்னும் நாவல், கிறிஸ்தவர்கள் கருத்தூன்றிச் சிந்திக்கவேண்டிய ஒன்றாகும்.

கதி, றூத், ரொமி ஆகிய மூவரும் ஒரே விடுதிப் பாடசாலையில் வளர்ந்த நண்பர்கள். அவர்களுக்குத் தாய் தந்தையர் இல்லை. ஒருவருடைய கலத்திலிருந்து அவரையொத்த இன்னொருவரை ஆக்கும் குளோனிங் முறையால், பிறருக்கு உறுப்புகள் வழங்கவென்றே உருவாக்கப்பட்டவர்கள் அவர்கள். வளர்ந்தபின் உறுப்புகள் ஒவ்வொன்றாக எடுக்கப்படும். நான்காம் முறைக்குள் உயிர் போய்விடும். இதற்கு அங்கு வழங்கும் பெயர் 'தானம்'! நண்பர் இருவரையும் பராமரிப்பவள் கதி. அவளுக்கும் அதே முடிவுதான் காத்திருக்கிறது. எனினும் எவரும் தப்பியோட முயல்வதில்லை.

வெறுங் கற்பனை என்று இதைத் தள்ளிவிடலாமா? 1996இல் ஸ்கொட்லாந்தில் டொலி என்ற செம்மறியாடு குளோனிங் முறையில் பிறந்தது. மனிதரை அவ்வாறு ஆக்கியதில்லை என்பது உண்மையே. ஆனால் மனிதரை உறுப்புக் களஞ்சியமாகக் காணும் கண் நம்மிடையே ஏற்கனவே உண்டு. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் சென்னைக்கு வடக்கே எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களின் பெண்கள் பலர் தம் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007இல் வெளிவந்தது. உறுப்பு வியாபாரத்தை இந்தியச் சட்டம் 1994இலேயே தடைசெய்திருந்தது. கடனும் பசியும் கையொப்பம் வாங்கினால் அதைத் தானம் என்பதா?

உறுப்புத் தானத்தைத் திருச்சபை அன்பின் செயலாகப் போற்றுகிறது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2000ஆம் ஆண்டு ஓகஸ்ற் 29இல் உறுப்பு மாற்று மருத்துவ நிபுணர்களுக்கு ஆற்றிய உரையில் இதை வலியுறுத்தினார். அறிந்து, சுதந்திரமாகக் கொடுப்பதே தானம். உறுப்பை விற்பதும், உறுப்புக்காக மனிதரைக் குளோனிங் செய்வதும் ஒழுக்கத்துக்கு முரணானவை என்றார்.

நாவலில் ஆசிரியர்கள் பிள்ளைகளின் சித்திரங்களைச் சேகரிக்கின்றனர். அவர்களுக்கும் ஆன்மா உண்டென்று உலகுக்கு நிரூபிக்கவாம்! நமக்கோ அத்தகைய அத்தாட்சி தேவையில்லை. எம்முறையில் பிறந்தாலும் மனிதன் இறைவனின் சாயலே. திருச்சபை கண்டிப்பது அச்செயலையன்றி, அதனால் பிறக்கக்கூடிய உயிரையன்று.

சுன்னாகம் சந்தையில் வாழைக்குலைக்கு விலை பேசலாம், மனிதனுக்குப் பேசலாகாது. ஏழை படும் துன்பத்தைக் கண்டு, "எல்லாம் தலைவிதி" என்று சொல்லிக் கடந்துபோகிறோம். மனிதன் மனிதனுக்குச் செய்த அநீதியை விதி என்பதும், இறைசித்தம் என்பதும் பொய்யாகும்.

சிந்தனைக்கு: நம் ஊரில் வறுமையால் 'சம்மதம்' தெரிவிப்பவர்கள் யார்? அவர்களுக்காக நாம் எப்போது வாய் திறந்தோம்?