இரு பாதைகளும் இரு சர்வர்களும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணினி அறிவியல்)

பெரம்பலூர் நகருக்கு ரயில் நிலையம் இல்லை. சென்னைக்கோ மதுரைக்கோ ரயிலில் செல்ல விரும்புவோர் பேருந்து ஏறி அரியலூருக்கு வந்தாக வேண்டும். அரியலூர் வழியே செல்வது ‘கார்டு லைன்’. அது விழுப்புரத்தையும் திருச்சியையும் விருத்தாசலம் வழியாக இணைக்கிறது. இதே இரு ஊர்களையும் கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக இணைக்கும் ‘மெயின் லைன்’ ஒன்றும் உண்டு. ஒரு பாதையில் தடை நேர்ந்தால் ரயில்களை மறு பாதையில் திருப்பிவிடலாம். இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டால், நெருக்கடி நேரத்திலும் இணையதளங்கள் விழாமல் நிற்பது எவ்வாறு என்பது எளிதில் விளங்கும். அதனைச் சக மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்வாசலும் உள்ளறையும்

நாம் ஓர் இணையதளத்தைத் திறந்தவுடன் நம்மை எதிர்கொள்வது வெப் சர்வர். படம், வெற்றுப் படிவம் போன்ற மாறாத பக்கங்களை அதுவே கொடுத்துவிடும். ‘இந்த ரயிலில் இடம் உண்டா?’ என்பது போல் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டிய கேள்விகளை உள்ளே இருக்கும் அப்ளிகேஷன் சர்வரிடம் அனுப்பும். அதற்கும் பின்னால் தரவுத்தளம் என்னும் பேரேடு இருக்கிறது. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகியவை முதல் வகைக்கும், டாம்கேட் இரண்டாம் வகைக்கும் நல்ல உதாரணங்கள்.

நெருக்கடி என்றால் எவ்வளவு? ஐ.ஆர்.சி.டி.சி. 2002இல் இணையவழிப் பயணச்சீட்டு விற்பனையைத் தொடங்கியது. தட்கல் முன்பதிவு குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. நாடெங்கிலுமுள்ள மக்கள் அந்த ஒரே நொடியில் வாசலில் வந்து நிற்கிறார்கள். நிமிடத்துக்கு 2,000 சீட்டுகள் என்றிருந்த அமைப்பின் திறன், 2014இல் வந்த புதிய அமைப்பில் 7,200 ஆக உயர்த்தப்பட்டது. இத்தகைய சுமையை ஒரே சர்வரின் தலையில் ஏற்றிவிட முடியாது. ஒரே வேலையைச் செய்யும் பல அப்ளிகேஷன் சர்வர்களை வரிசையாக நிறுத்தி, வரும் கோரிக்கைகளைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். இதுவே சுமைப் பகிர்வு, அதாவது லோடு பேலன்சிங்.

சுமையைப் பகிரும் முறைகள்

முதல் முறை, பந்தியில் இலைக்கு இலை பரிமாறுவது போல முறை வைத்து அனுப்புவது. இரண்டாவது, வலுவுக்கேற்ப அனுப்புவது. ஒரு சர்வருக்கு 3 என்றும் மற்றதற்கு 1 என்றும் எடை குறித்துவிட்டால், நான்கு கோரிக்கைகளில் மூன்று முதல் சர்வருக்குப் போகும். மூன்றாவது, அந்த நேரத்தில் எவரிடம் வேலை குறைவோ அவரிடம் அனுப்புவது. அப்பாச்சியில் ஒவ்வொரு சர்வருக்கும் ‘பேலன்சர் மெம்பர்’ என ஒரு வரி எழுதி, அதில் ‘லோடு ஃபேக்டர்’ என எடையைக் குறிப்பிட்டால் போதும். எழுதுவது எளிது, சிக்கல் தொடங்குவது ஒரு சர்வர் விழும்போதுதான்.

விழுந்ததை அறிதல்

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அதிகாலை, சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி விரைவு ரயில் அரியலூருக்கு அருகில் மருதையாற்றில் விழுந்தது. வெள்ளத்தில் பாலம் சேதமடைந்திருந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்த உயிர்களை எந்த இயந்திரத்தோடும் ஒப்பிடலாகாது. ஆயினும் அந்த விடியற்காலை நமக்கு ஒரு பாடத்தை விட்டுச் சென்றது. வேறு பாதை இருப்பது மட்டும் போதாது. முன்னே உள்ள பாதை பழுது என்பதை வண்டி அங்கு வருவதற்கு முன்பே அறிந்தாக வேண்டும்.

அப்பாச்சி வழக்கமாகச் செய்வது என்ன? ஒரு சர்வருடன் தொடர்பு கிடைக்காவிட்டால் அதனைப் பழுது என்று குறித்து வைத்து, 60 நொடிகள் கழித்து மீண்டும் முயன்று பார்க்கும். அடியோடு நின்றுபோன சர்வருக்கு இது பொருந்தும். ஆனால் தொடர்பை ஏற்றுக்கொண்டு பதிலே தராமல் திணறும் சர்வர்தான் பெரிய ஆபத்து. அதனிடம் சிக்கியவர் நேரவரம்பு தீரும்வரை காத்துக் கிடப்பார். ஆகவே நாமே முன்சென்று நலம் விசாரிக்க வேண்டும். ஹெச்ஏ பிராக்ஸி என்னும் மென்பொருளில் இச்சோதனையை இயக்கினால், அது 2 நொடிக்கு ஒருமுறை விசாரிக்கும். மூன்று முறை தொடர்ந்து பதில் வராவிட்டால் அந்த சர்வரை வரிசையிலிருந்து நீக்கும். இரண்டு முறை தொடர்ந்து பதில் வந்தால் திரும்பச் சேர்க்கும். விசாரணை வாசலோடு நின்றுவிடாமல், பேரேட்டைத் திறந்து பார்த்துப் பதில் சொல்லும்படி அமைவது நல்லது.

அகலம் பொருந்துதல்

கார்டு லைன் அகலப் பாதையான பிறகும் மெயின் லைனில் விழுப்புரம் – மயிலாடுதுறைப் பகுதி மீட்டர் கேஜாகவே இருந்தது. அப்பகுதி அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது 2010இல்தான். மீட்டர் கேஜின் அகலம் 1,000 மில்லிமீட்டர்; அகலப் பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். இடைப்பட்ட ஆண்டுகளில் வரைபடத்தில் இரு பாதைகள் இருந்தும், கார்டு லைன் வண்டியை மெயின் லைன் முழுவதும் செலுத்த வழியில்லை. சர்வர்களும் அவ்வாறே. ஒன்றில் புதிய நிரலும் மற்றொன்றில் பழைய நிரலும் இருந்தால், அந்த இரண்டாவது சர்வர் பெயரளவுக்கே மாற்று.

பயணியின் மூட்டை

நாம் உள்நுழைந்தது, நிரப்பிய பக்கங்கள் முதலிய விவரங்களை அப்ளிகேஷன் சர்வர் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். இதற்கு ‘செஷன்’ என்று பெயர். இது பயணியின் மூட்டை போன்றது. ஆய்வகத்தில் நண்பர்களுடன் சேர்ந்து ஒரு கணிப்பொறியில் அப்பாச்சியையும் வேறு இரண்டில் டாம்கேட்டையும் நிறுவிப் பார்த்தேன். முறை வைத்து அனுப்பியபோது, ஒரு சர்வரில் உள்நுழைந்தவரை அடுத்த சர்வர் ‘நீ யார்?’ என்று கேட்டது. ‘ஸ்டிக்கி செஷன்’ அமைத்து, வந்தவரை அவருடைய பழைய சர்வரிடமே அனுப்பினோம். சரியாயிற்று. பிறகு அந்த டாம்கேட்டை நிறுத்தினோம். பயணி அடுத்த சர்வருக்குப் போய்ச் சேர்ந்தார். மூட்டை போய்ச் சேரவில்லை. மீண்டும் உள்நுழைவுப் பக்கம்! இரு டாம்கேட்டுகளும் செஷனைப் பிரதியெடுத்துக்கொள்ளும்படி அமைத்த பிறகே வேலை தடையின்றித் தொடர்ந்தது.

அந்த உள்நுழைவுப் பக்கத்தைக் கண்டதும் எனக்கு ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஒரு விண்ணப்பத்தின் கடைசி நாளன்று, அன்றையக் கூலியை விட்டுவிட்டு அப்பா என்னுடன் கணினி மையத்துக்கு வந்திருந்தார். ஏழாவது பக்கத்தை நிரப்பும்போது தளம் எங்களை வெளியே தள்ளி, ‘மீண்டும் உள்நுழைக’ என்றது. மூன்று முறை இப்படியே நடந்தது. “பார்த்து அமுக்கு சாமி” என்றார் அப்பா. நானும் என் கைத்தவறு என்றே நம்பினேன். இருட்டிய பிறகுதான் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அன்று நடந்தது மூட்டை தொலைந்த கதையாக இருக்கலாம் என்று ஆய்வகத்தில்தான் தோன்றியது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

எஞ்சியவர் தாங்குவாரா?

இனி ஒரு சிறு கணக்கு. இரண்டு சர்வர்கள் தலா 70 விழுக்காடு சுமையில் ஓடுகின்றன. ஒன்று விழுந்தால் மற்றதன் மீது 140 விழுக்காடு ஏறும், அதுவும் விழும். ஆகவே இரண்டு இருந்தால் தலா 50, மூன்று இருந்தால் ஏறத்தாழ 66, நான்கு இருந்தால் 75 விழுக்காட்டுக்கு மேல் சுமை ஏறாமல் காக்க வேண்டும்.

முன்வாசல் ஒன்றே ஒன்றானால் அதுவும் ஆபத்தே. இரண்டு வெப் சர்வர்களை நிறுத்தி, ஒரே முகவரியைப் பகிரச் செய்யலாம். வி.ஆர்.ஆர்.பி. என்னும் முறையில் முதல் சர்வர் வழக்கமாக நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். அக்குரல் மூன்று நொடிகளுக்குச் சற்று மேல் கேட்காவிட்டால், இரண்டாவது சர்வர் அம்முகவரியை ஏற்றுக்கொள்ளும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. பக்கத்தைப் படிக்கும் கோரிக்கையை வேறு சர்வருக்கு மறுபடி அனுப்பலாம். பணம் செலுத்தும் கோரிக்கையை அவ்வாறு கண்மூடி அனுப்பினால் இருமுறை பணம் போய்விடக்கூடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, ‘இது முன்பே முடிந்ததா?’ என்று பேரேட்டில் பார்த்த பிறகே செய்ய வேண்டும்.

முடிவுரை

மாற்று சர்வர் வாங்குவது பணத்தால் முடியும். அது உரிய நேரத்தில் தாங்குமா என்பதைச் சோதனையால் மட்டுமே அறிய முடியும். கூட்டமில்லாத ஒரு நாளில் நாமே ஒரு சர்வரை நிறுத்திப் பார்க்க வேண்டும். நாளை நம்மில் சிலர் இத்தகைய அமைப்புகளை நிறுவும் பணிக்குச் செல்லக்கூடும். அப்போது, திரையின் முன் அமர்ந்து தன் விரலின் மீதே பழி சுமத்திக்கொள்ளும் ஒரு கிராமத்து மாணவரை நினைவில் வைத்துப் பணியாற்ற வேண்டும் என்பதே என் விருப்பம்.