தொடர் நாவலும் கதைமாந்தரும்

ஒரு நாவலை எழுதி முடிப்பதே பெரும்பாடு. அப்படியிருக்க, மூன்று பாகம், ஐந்து பாகம் என நீளும் தொடர் நாவலை எழுத்தாளர் எவ்வாறு திட்டமிடுகிறார்? பண்டமாரானில் வாழும் ஒரு மாணவர் தம் வட்டாரத்தின் கதையை மூன்று பாகங்களாக எழுத விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் ஆண்டுகளையும் நிகழ்ச்சிகளையும் ஒரு தாளில் வரிசைப்படுத்துவார். பலரும் அப்படித்தான் தொடங்குகின்றனர். ஆனால், நிகழ்ச்சிகளின் வரிசை மட்டும் ஒரு வாசகரை இரண்டாம் பாகத்தைத் தேடி நூலகத்துக்கு வரவழைக்காது. முதல் பாகத்தில் பழகிய ஒருவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்ற கவலைதான் வரவழைக்கும். தமிழில் இதை நன்கு உணர்ந்து எழுதியவர் கல்கி.

கல்கி என்னும் புனைபெயரில் எழுதிய ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954), தம் வரலாற்று நாவல்களை வார இதழில் தொடர்கதைகளாகவே எழுதினார். ‘பார்த்திபன் கனவு’ முதலில் வந்தது. பின்னர், 1944 முதல் 1946 வரை ‘சிவகாமியின் சபதம்’ வெளிவந்தது. 1950இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ 1954இல் நிறைவுற்றது. வாரத் தொடரில் ஒரு சிக்கல் உண்டு. இந்த வாரம் அச்சாகி வீடுதோறும் போய்ச் சேர்ந்த பகுதியை அடுத்த வாரம் அடித்துத் திருத்த முடியாது. கதைமாந்தர் ஒருவரைக் கோழை என்று எழுதிவிட்டால், அவரை வீரராக்குவதற்கும் கதைக்குள்ளேயே வழி தேட வேண்டும். ஆகவே, எழுதத் தொடங்கும் முன்னரே மாந்தரின் இயல்பு எழுத்தாளருக்குத் தெளிவாகியிருப்பது நல்லது.

முதல் இரண்டு நாவல்களையும் சற்று உற்று நோக்குவோம். ‘பார்த்திபன் கனவு’ முன்னதாக எழுதப்பட்டாலும், அதன் கதை காலத்தால் பிந்தியது. அதில் வரும் பல்லவ மன்னர் நரசிம்மவர்மர் வயதில் முதிர்ந்தவர். பகைவரின் மகனையும் வீரனாக வளர்க்கத் துணைநிற்கும் பெருந்தன்மையாளர். குந்தவி என்னும் மகளுக்குத் தந்தை. அடுத்த நாவலில் கல்கி காலத்தைப் பின்னோக்கி நகர்த்தினார். அதே நரசிம்மவர்மர் இங்கே மாமல்லர் என்னும் இளவரசர். அவசரக்காரர், ஆயனச் சிற்பியின் மகளும் நடனக் கலைஞருமான சிவகாமியிடம் மனத்தைப் பறிகொடுத்தவர்.

இங்கேதான் எழுத்தாளருக்குச் சோதனை. முதல் நாவலைப் படித்தவருக்கு மாமல்லர் எப்படிப்பட்டவராக மாறப்போகிறார் என்பது முன்பே தெரியும். குந்தவியின் தாய் சிவகாமி அல்லர் என்பதால், அந்தக் காதல் கைகூடாது என்பதையும் ஊகித்துவிடலாம். முடிவு தெரிந்த கதையை எதற்காகப் படிப்பது? அந்த அவசரக்கார இளைஞர் எவற்றையெல்லாம் இழந்து அந்த நிதானமான மன்னராக ஆனார் என்று அறிவதற்காகவே படிக்கிறோம். வாதாபிக்குச் சிறைகொண்டு போகப்பட்ட சிவகாமியை மீட்க மாமல்லர் மறைவாக வருகிறார். அவரோடு அவள் புறப்பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால், வாதாபி தீக்கிரையாகும் வரை அந்நகரை விட்டு வரமாட்டேன் என்று சபதம் செய்தவள் அவள். தான் சொன்ன சொல்லே அவளுக்குச் சிறையாகிவிடுகிறது. வாதாபி 642இல் பல்லவர் வசமானது வரலாறு. அந்த வெற்றியை ஒரு பெண்ணின் பிடிவாதத்தோடும் துயரத்தோடும் பிணைத்தது கல்கியின் கற்பனை. என் பார்வையில், கல்கியின் மாந்தர்களுள் ஆழமானவள் சிவகாமிதான். நந்தினியின் பெயரைச் சொல்வோரும் பலர் இருப்பர்; அதை உங்கள் வகுப்பிலேயே வாதிட்டுப் பாருங்கள்.

‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களைக் கொண்டது. ஆயினும், கதை நிகழும் காலம் ஓராண்டுக்கும் குறைவே. தொடர் நீளமாக இருந்தால் காலமும் நீளமாக இருக்க வேண்டும் என்று எண்ணுவோருக்கு இது வியப்பைத் தரலாம். அதன் முதன்மை மாந்தரான வந்தியத்தேவனைப் பற்றி வரலாறு தரும் செய்தி மிகக் குறைவு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, இராசராசனின் தமக்கை குந்தவையை அவனுடைய தேவி என்று குறிப்பிடுகிறது. அவன் எப்படிப் பேசினான், எதைக் கண்டு சிரித்தான் என்பதெல்லாம் கல்லில் இல்லை. அந்த வெற்றிடத்தைக் கல்கி தமக்குக் கிடைத்த உரிமையாக எடுத்துக்கொண்டார். பசி தாங்காத வயிறு, துடுக்கான நாக்கு, தேவையற்ற இடத்தில் எட்டிப் பார்க்கும் ஆவல், நெருக்கடியில் கூசாமல் வரும் பொய் ஆகியவற்றை அவனுக்குக் கொடுத்தார். குறையில்லாத வீரனாக அவனைப் படைத்திருந்தால் அவன் ஒருமுறைகூட வம்பில் மாட்டியிருக்க மாட்டான், கதையும் நகர்ந்திருக்காது.

அவன் கையில் ஓலைகளைக் கொடுத்து அனுப்பியதும் சிறந்த திட்டமே. காஞ்சியில் ஆதித்த கரிகாலன், தஞ்சையில் நோயுற்ற சுந்தர சோழர், பழையாறையில் குந்தவை, இலங்கையில் அருள்மொழிவர்மன் என மாந்தர்கள் சிதறிக் கிடக்கின்றனர். ஓர் ஓலைத் தூதன் மட்டுமே இவர்கள் அனைவரிடமும் போய்வர முடியும். அவனோடு வாசகரும் ஊர் ஊராகப் போகிறார். அந்த ஊர்களை எழுத வேண்டுமென்பதற்காகக் கல்கி ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கைக்கே சென்று வந்தார். ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டதையும், உத்தம சோழருக்குப் பின்னரே 985இல் இராசராசன் அரியணை ஏறியதையும் எழுத்தாளரால் மாற்ற முடியாது. அந்த எல்லைக்குள் நின்றுதான் நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் போன்ற கற்பனை மாந்தரை அவர் உலவவிட்டார். தொடர் முடிந்த பிறகும் வாசகர்கள் விடவில்லை. இவர் என்ன ஆனார், அவருக்குத் திருமணம் நடந்ததா என்று கேட்டவர்களுக்கு, முடிவுரையில் அவர் விளக்கம் எழுத நேர்ந்தது. பின்னாளில் எழுத்தாளர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்ற நாவலில் அக்கதையைத் தொடர்ந்தார்.

இனி, பண்டமாரான் மாணவரின் தாளுக்கு வருவோம். அவருடைய வட்டாரத்துக்கும் மாற்ற முடியாத வரலாறு உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களைத் திரட்டியவர்களுள் முதன்மையானவர் ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் சப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அடுத்துச் சயாம் மரண ரயில், 1948இல் அவசரகாலம். பண்டமாரானும் அவசரகாலத்தில் அமைக்கப்பட்ட புதுக்கிராமங்களுள் ஒன்றுதான். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ ஆகிய நாவல்கள் இக்காலத்தைப் பேசியுள்ளன. மாணவர் அவற்றைப் படித்துவிட்டுத் தொடங்குவது நலம்.

நாதனை நாயகனாக்கினால் கை கட்டப்பட்டுவிடும். அவர் வாழ்க்கை ஏட்டில் இருக்கிறது. பெயர் பதிவாகாத ஒரு பால்மரத் தொழிலாளியைக் கற்பனை செய்யலாம். வயது பத்தொன்பது. சேர்த்துவைத்த கூலியில் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறான். வேகமாக மிதிப்பதில் அவனுக்குப் பெருமை. இறங்கி நிற்பதில் கூச்சம். அவன் தந்தைக்கோ இறங்காமல் போவதில்தான் அச்சம், ஏனெனில் லயத்து வீடு துரை கொடுத்தது. முதல் பாகத்துக்கு இவ்வளவு போதும். அன்று காலை துரையின் கார் எதிரே வருகிறது. அவன் இறங்குகிறானா, இல்லையா?

இரண்டாம் பாகத்தில் சயாமுக்கு ஆள் சேர்க்கிறார்கள். தந்தை, மகன் இருவரில் யார் போகிறார்? மூன்றாம் பாகத்தில், முள்வேலிக்குள் அமைந்த புதுக்கிராமத்தின் வாசலில் சோதனைக்காக வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிற்பவர் யார்? அது எப்படி அவர் கைக்கு வந்தது?